கிருஷ்ணகிரிப் பருப்புக் கடையும் அதன் பீன்ஸ் அட்டையும்

கிருஷ்ணகிரியின் பழையபேட்டைப் பக்கத்தில், பெயர்ப்பலகை எதுவும் மாட்டாமல், அக்கம்பக்கத்தார் வாயில் வெறுமனே 'பருப்புக் கடை' என்று வழங்கிவரும் ஒரு சிறிய கடையைப் பற்றியது இந்த மதிப்புரை. பயறு, பருப்பு, மொச்சை, விதை ஆகியவற்றைத் தவிர வேறு எதையும் அங்கே விற்பதில்லை. எண்ணெயோ சர்க்கரையோ கேட்டு வருகிறவர்களை எதிர்க்கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். சரக்கின் தரத்துக்காகவே போய்வரலாம் என்றாலும், நான் இவ்வளவு நீளமாக எழுத முனைந்ததற்குக் காரணம் அங்குள்ள அட்டைகள். ஒவ்வொரு சாக்கின் விளிம்பிலும் ஓர் அட்டை செருகப்பட்டிருக்கிறது. அந்தப் பயறின் தமிழ்ப் பெயர், கன்னடப் பெயர், தெலுங்குப் பெயர், ஆங்கிலப் பெயர் ஆகிய நான்கையும் தமிழெழுத்திலேயே எழுதி, அந்தப் பெயரும் பயிரும் எங்கிருந்து வந்தன என்று அடியில் ஒன்றிரண்டு வரிகளையும் சேர்த்திருக்கிறார்கள். எழுதியவர் கடைக்காரரின் மகள் என்று தெரிந்தது. கையெழுத்து அழகாக இருக்கிறது. செய்தி பெரும்பாலும் சரியாக இருக்கிறது. ஓர் அட்டை மட்டும் முழுவதும் தவறாக இருக்கிறது.

முதலில் சரக்கைப் பார்த்துவிடலாம். இந்த மாவட்டத்தில் கொள்ளு வாங்குவோருக்குக் கல்லும் மண்ணும் பழகிப்போன தொல்லைகள். இந்தக் கடையின் கொள்ளை முறத்தில் போட்டுப் புடைத்தபோது தூசி பறந்ததே தவிர, கல் என்று சொல்லும்படி ஒன்றும் அகப்படவில்லை. பக்கத்திலேயே இருக்கும் பையூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகம் ஒரு சாக்கிலும், மானாவாரிக் காட்டில் விளைந்த நாட்டுக் கொள்ளு இன்னொரு சாக்கிலும் இருக்கின்றன. ராகிக் களிக்குக் கடைசல் செய்வதானால் நாட்டுக் கொள்ளே மேல். அது வேகச் சற்று அதிக நேரம் எடுத்துக்கொண்டாலும், மத்தால் கடையும்போது தண்ணீர் தனியாகப் பிரியாமல் சேர்ந்துகொள்கிறது. துவரம் பருப்பு செம்மண் கட்டிக் காயவைத்து உடைத்தது. குக்கரில் வேகும்போதே வாசனை வந்துவிடுகிறது. உளுந்தும் பச்சைப்பயறும் எங்கும் கிடைக்கக்கூடியவைதான். அவற்றுக்காக இங்கே வரத் தேவையில்லை.

மொச்சைக்காக வர வேண்டும். ராகிக் காட்டில் ஊடுபயிராக வளர்ந்து, பனிக்காலத்தில் காய்ப்புக்கு வரும் அந்த மொச்சையை மார்கழி, தை மாதங்களில் பச்சையாகவே கொட்டி வைக்கிறார்கள். காயை முகர்ந்தால் நெய்ப்பிசுக்கான ஒரு வாசனை விரலில் ஒட்டிக்கொள்ளும். அது இல்லாத காயை இப்பகுதியில் யாரும் சீண்ட மாட்டார்கள். இரவெல்லாம் ஊறவைத்த கொட்டையைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் தோல் விரலில் தங்க, பருப்பு மட்டும் வழுக்கிக்கொண்டு பாத்திரத்தில் விழுகிறது. அப்படிப் பிதுக்கிய பருப்பையும் காலை நேரத்தில் ஓர் ஈரத்துணி மூடிய பாத்திரத்தில் வைத்து விற்கிறார்கள். பதினோரு மணிக்கு மேல் போனால் கிடைக்காது. வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஒரு வரப்பிரசாதம் என்றுதான் சொல்ல வேண்டும். விலை கூடுதல், கொடுக்கலாம்.

இனி அட்டைகளைப் பற்றிச் சொல்கிறேன். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களில் வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்கள் ஏராளம். கொள்ளு என்றால் தயங்கி நிற்பவர் ஹுருளி என்றதும் தலையசைப்பார். உலவலு என்றதும் இன்னொருவர் பையை நீட்டுவார். எனவே அட்டைகள் முதலில் வியாபாரத்துக்காக எழுதப்பட்டவையே. அடியில் உள்ள வரிகள்தான் எழுதியவரின் சொந்த ஆர்வம். கொள்ளு அட்டையிலும் அவரை அட்டையிலும் 'நம் மண்ணின் பழைய உணவு' என்று எழுதியிருக்கிறார். அதில் மிகையில்லை. புறநானூற்றின் 335ஆம் பாட்டு வரகு, தினை, கொள்ளு, அவரை ஆகிய நான்கைத் தவிர உணவே இல்லை என்று பாடுகிறது. புன்செய் நிலத்து மக்களின் சாப்பாட்டுத் தட்டை இதைவிடச் சுருக்கமாக யாராலும் எழுதிவிட முடியாது. நிலக்கடலை அட்டையும் நன்றாக இருக்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடிக்கு, ஏற்கெனவே நம்மிடம் இருந்த கொண்டைக்கடலையின் பெயரை எடுத்துச் சூட்டினோம் என்ற செய்தியை இரண்டே வரிகளில் அடக்கியிருக்கிறார்.

இவ்வளவு தெளிவாக எழுதியவர் பீன்ஸ் விதைச் சாக்கின் அட்டையில் 'பீன்ஸ்: பிரெஞ்சுச் சொல். பிரான்ஸ் நாட்டிலிருந்து வந்த காய்' என்று எழுதியிருப்பதுதான் ஏமாற்றம். சொல்லும் பிரெஞ்சு இல்லை, செடியும் பிரான்ஸில் பிறந்தது இல்லை. 'பிரெஞ்சு பீன்ஸ்' என்பது ஆங்கிலேயர் வைத்த பெயர். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் மொழியில் அந்தக் காயை 'அரிக்கோ' என்கிறார்கள். பீன்ஸ் என்பது ஜெர்மானிய மொழிக் குடும்பத்தின் சொத்து. ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஐஸ்லாந்து மொழி, சுவீடிய மொழி, டேனிய மொழி எல்லாம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவை ஒவ்வொன்றிலும் இந்தச் சொல் சற்றே உருமாறி நிற்கிறது. ஆங்கிலத்தில் 'பீன்', ஜெர்மனில் 'போனெ', டச்சில் 'போன்', ஸ்காண்டிநேவியர்களின் முன்னோர் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் 'பௌன்'. இவற்றை அருகருகே வைத்து ஒப்பிட்ட மொழியியலார், இவை பிரியும் முன்பு இருந்த மூல ஜெர்மானியத்தில் 'பௌனோ' என்னும் வடிவம் இருந்திருக்க வேண்டும் என்று மீட்டெடுத்திருக்கிறார்கள்.

இந்த மீட்டெடுப்பு ஊகத்தால் செய்யப்பட்டது அன்று; ஒலிகளின் ஒழுங்கான மாற்றத்தைக் கொண்டு செய்யப்பட்டது. மூல மொழியில் ஔகாரம் இருந்த இடத்தில் ஜெர்மனும் டச்சும் பல சொற்களில் ஓகாரத்தைக் காட்டுகின்றன. ஆங்கிலமோ இன்று ஈகாரத்தைக் காட்டுகிறது. கிழக்குத் திசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'ஈஸ்ட்' என்று இருக்க, ஜெர்மனிலும் டச்சிலும் அது 'ஓஸ்ட்' என்று இருப்பதும், இங்கே 'பீன்' என்பது அங்கே 'போனெ', 'போன்' என்று இருப்பதும் ஒரே விதியின் விளைவுகள். பழைய ஆங்கிலத்தில் இந்த உயிர் இரண்டு ஒலிகள் கலந்ததாக இருந்தது. அது பின்னர் ஒற்றை நெடிலாகி, ஆங்கில உயிரொலிகள் எல்லாம் இடம் பெயர்ந்த காலத்தில் படிப்படியாக உயர்ந்து ஈகாரமாயிற்று. ஐஸ்லாந்து மொழி எழுத்தில் மட்டும் பழைய ஔகாரத்தின் தடயம் அப்படியே இருக்கிறது.

ஜெர்மானியத்துக்கு வெளியே போனால் கதை இன்னும் சுவையானது. இலத்தீனில் இதே பயறுக்கு 'ஃபாபா' என்று பெயர். ஸ்லாவிய மொழிகளில் 'போப்'. இலத்தீன் சொல்லின் தொடக்கத்தில் ஃபகரம் இருக்கும் இடத்தில் ஜெர்மானியத்தில் பகரம் வருவது வழக்கமான ஒன்று. சகோதரனைக் குறிக்கும் இலத்தீன் 'ஃப்ராத்தெர்', ஆங்கில 'பிரதர்' இரண்டையும் சமஸ்கிருத 'ப்ராத்ரு'வோடு சேர்த்துப் பார்த்தால் இது விளங்கும். ஆகவே முதல் மெய் பொருந்திவிடுகிறது. இரண்டாவது மெய்தான் தகராறு. ஃபாபாவின் நடுவே உள்ள பகரம் எப்படி பௌனோவின் ஔகாரமும் னகரமுமாக ஆயிற்று என்பதற்கு ஒழுங்கான விதி இல்லை. இடையில் 'பப்னோ' போன்ற ஒரு வடிவம் இருந்து தேய்ந்திருக்கலாம் என்பது ஒரு சாராரின் கருத்து. இந்தோ ஐரோப்பிய மொழிகள் வந்து சேரும் முன்பே ஐரோப்பாவில் உழுது பயிரிட்டவர்களின் மொழியிலிருந்து, வந்தவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே கடன் வாங்கியிருக்கலாம் என்பது இன்னொரு சாராரின் கருத்து. எனக்கு இரண்டாவது கருத்தே பொருத்தமாகப் படுகிறது; கால்நடையோடு வருகிற கூட்டத்தார், தாங்கள் அதிகம் பயிரிட்டறியாத பயறின் பெயரை அந்த மண்ணின் உழவர்களிடமிருந்து பெறுவதுதான் இயல்பு.

பழைய சான்றுகளும் இல்லாமலில்லை. கி.பி. 79இல் இறந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி, வட கடலோரத்தில் உள்ள புர்கானா என்னும் தீவைப் பற்றிச் சொல்லும்போது, அங்கே இந்தப் பயறு தானாகவே மிகுதியாக முளைத்துக் கிடப்பதால் ரோமானியர் அதற்கு 'ஃபபாரியா' என்று பெயரிட்டதாக எழுதுகிறார். நம் மொழியில் சொல்வதானால் பயற்றுத் தீவு. இன்று ஜெர்மனிக்கு உட்பட்ட போர்க்கும் தீவோடு அது பொதுவாக இணைத்துப் பேசப்படுகிறது. அதே நூலில் வரும் 'பௌனோனியா' என்னும் தீவுப் பெயரில் ஜெர்மானியச் சொல்லே ஒளிந்திருப்பதாகக் கருதும் அறிஞர்களும் உண்டு. இங்கிலாந்தின் வைட் தீவில் பின்ஸ்டெட் என்றோர் ஊர் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் பயறு விளையும் இடம் என்பது அதன் பொருள். கொள்ளுக் காடு, அவரைத் தோட்டம் என்று நிலத்தை அடையாளம் சொல்லும் நம் ஊர்க்காரர்களுக்கு இதில் வியப்பு எதுவும் இருக்காது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பிளினி குறிப்பிட்டதும், பின்ஸ்டெட்டில் விளைந்ததும், பழைய ஜெர்மானியர் பௌனோ என்று அழைத்ததும் நாம் பொரியல் செய்கிற பீன்ஸ் அன்று. அது தட்டையான பெரிய கொட்டையும் தடித்த தோலும் கொண்ட குளிர்நிலப் பயறு. வட இந்தியக் கடைகளில் 'பாக்லா' என்ற பெயரில் கிடைப்பது. நம் பீன்ஸ், மெக்சிகோவைச் சுற்றிய பகுதியிலும் ஆண்டிஸ் மலைப் பகுதியிலும் தனித்தனியே பயிராக்கப்பட்ட அமெரிக்கச் செடி. கொலம்பஸ் கடல் கடந்த 1492ஆம் ஆண்டுக்கு முன்னால் ஐரோப்பியர் எவரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. புதிய காய் வந்து சேர்ந்தபோது ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் டச்சுக்காரரும் தங்களிடம் கைவசம் இருந்த பழைய பயறின் பெயரையே அதற்கும் கொடுத்துவிட்டார்கள். வந்த விருந்தாளி வீட்டுக்காரனாகவே ஆகிவிட்டான். பழைய பயறுதான் இப்போது ஆங்கிலத்தில் 'பிராட்' என்று ஓர் அடைமொழி போட்டுக்கொண்டு தன்னை வேறுபடுத்திக் காட்ட வேண்டியிருக்கிறது. ஐஸ்லாந்தில் அந்தச் சொல் இன்னொரு பக்கம் சாய்ந்து, அன்றாடப் பேச்சில் பச்சைப் பட்டாணியையும் குறிக்கிறது.

இப்படிப் பெயரை மாற்றிப் போடுவது ஐரோப்பியர்களின் தனி வழக்கம் என்று எண்ண வேண்டியதில்லை. கடையின் அதே அட்டையில், பீன்ஸுக்குக் கன்னடப் பெயராக 'ஹுருளிக்காயி' என்று சரியாக எழுதியிருக்கிறது. ஹுருளி என்பது கொள்ளு. ஓசூரைத் தாண்டிப் போனால் அமெரிக்கச் செடியின் காய் கொள்ளுக்காய் ஆகிவிடுகிறது என்று பொருள். ஆங்கிலேயன் தன் வயலில் இருந்த பழைய பயறின் பெயரை எடுத்துக் கொடுத்தான். கன்னடத்தார் தங்கள் மானாவாரிக் காட்டில் இருந்த பயறின் பெயரை எடுத்துக் கொடுத்தார்கள். தமிழிலும் கொத்தவரை, வாளவரை, சிறகவரை என்று அவரையை ஒரு குடும்பப் பெயராகவே பரப்பி வைத்திருக்கிறோம். அப்படியிருந்தும் இந்தக் காய்க்கு மட்டும் அவரையைச் சேர்த்து ஒரு பெயர் நிலைக்கவில்லை; வந்த பெயரோடேயே குடியேறிவிட்டது. தேன்கனிக்கோட்டை, தளி, இராயக்கோட்டைப் பகுதிகளில் ஏக்கர் கணக்கில் பயிரிடுகிற உழவரும், அதைச் சந்தையில் கூறு போடுகிற பெண்ணும் பீன்ஸ் என்றே சொல்கிறார்கள்.

அந்தப் பெயர் தமிழுக்குள் இரண்டு வழிகளில் வந்தது என்பதைத்தான் அட்டையில் எழுதியிருக்க வேண்டும் என்று நான் சொல்வேன். நம் பக்கத்துக்கு அது ஆங்கிலத்தின் வழியாக வந்தது. கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் சீமை 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து கும்பெனிக்குக் கைமாறியது. அதன் பிறகு இங்கே ஆட்சி மொழியாக இருந்தது ஆங்கிலம்தான். இலங்கைத் தமிழர்களோ இதே காயைப் 'போஞ்சி' என்கிறார்கள். யாழ்ப்பாணத்து வீட்டில் போஞ்சிக் கறி என்றால் நாம் சாப்பிடும் பீன்ஸ் கறிதான். அந்தச் சொல் டச்சுக்காரர்களிடமிருந்து வந்தது. டச்சில் சிறியதைக் குறிக்க ஒரு விகுதி உண்டு; 'போன்' அதைச் சேர்த்துக்கொண்டு, பன்மையில் 'போன்ட்யெஸ்' ஆகும். சிங்களத்திலும் அது போஞ்சி. டச்சுக்காரர் 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்து, 1796இல் ஆங்கிலேயரிடம் இழக்கும் வரை இலங்கையின் கரையோரத்தை ஆண்டார்கள். அதே டச்சுச் சொல் அவர்கள் ஆண்ட இந்தோனேசியாவிலும் 'புன்சிஸ்' என்ற வடிவில் இன்றைக்கும் காய்கறிக் கடையில் புழங்குகிறது. நாகப்பட்டினமும் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர் கையில்தான் இருந்தது என்றாலும், போஞ்சி இக்கரையில் வேர்விடவில்லை. டச்சு 'தெய்ட்' என்னும் செப்புக்காசின் பெயரிலிருந்து வந்த 'துட்டு' மட்டும் வேர்விட்டது. துட்டுக் கொடுத்துப் பீன்ஸ் வாங்குகிறவர் ஒரே குடும்பத்தின் இரண்டு சொற்களை ஒரே மூச்சில் கையாளுகிறார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வடகடலிலிருந்து வந்து கி.பி. 841இல் டப்ளினில் பாசறை அமைத்த நோர்ஸ் மக்களிடமிருந்து ஐரிஷ் மொழி இந்தச் சொல்லைப் பெற்றுப் 'போனரெ' என்று ஆக்கிக்கொண்டது. அதற்கு மூலமான நோர்ஸ் வடிவம் 'பௌனிர்' என்னும் பன்மை. நமக்கு வந்த 'பீன்ஸ்' ஆங்கிலப் பன்மை. இலங்கைக்குப் போன போஞ்சியும் டச்சுப் பன்மையையே ஒட்டி நிற்கிறது. ஒரே ஒரு பயறை எவரும் விற்பதுமில்லை, வாங்குவதுமில்லை. குவியலைக் காட்டித்தான் பெயர் சொல்கிறார்கள். அதனால் சந்தையில் காதில் விழுந்த பன்மையே அடுத்த மொழியில் ஒருமையாகி நின்றுவிட்டது. 'ஒரு பீன்ஸ் கீழே விழுந்துவிட்டது' என்று நாம் கூசாமல் சொல்வது அதனால்தான். அதைப் பிழை என்று திருத்த முனைகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இவ்வளவையும் ஓர் அட்டையில் எழுத முடியாது என்பது எனக்கும் தெரிகிறது. ஆனால் பெயர்க் குழப்பம் இந்தக் கடையில் ஏட்டளவில் நிற்கவில்லை; வாங்குகிறவரின் அடுப்பங்கரை வரை வருகிறது. மொச்சை அட்டையில் ஆங்கிலப் பெயராக 'பிராட் பீன்ஸ்' என்று எழுதியிருக்கிறார்கள். நகரத்துப் பெரிய கடைகளின் ரசீதுகளிலும் அவரைக்காய் இதே பெயரில்தான் அச்சாகிறது. ஆனால் மேலே சொன்னபடி அந்தப் பெயருக்கு உரியது பாக்லா என்னும் வேறு பயறு. குறிப்பிட்ட ஒரு நொதியின் குறைபாட்டோடு பிறந்தவர்கள் பாக்லாவைச் சாப்பிட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் 'பிராட் பீன்ஸ் ஆகாது' என்று சொல்லி அனுப்பிய ஒருவர், இந்த அட்டையைப் பார்த்துவிட்டு மொச்சையைத் தொடாமல் திரும்பினால்கூடப் பெரிய நட்டமில்லை. வேறொரு கடையில் பாக்லாவைப் பெயர் தெரியாமல் வாங்கிவிட்டால்தான் வினை.

ராஜ்மா விஷயம் இதைவிட நேரடியானது. கடையில் பீன்ஸ் விதைச் சாக்கும் ராஜ்மாச் சாக்கும் வெவ்வேறு மூலைகளில் இருக்கின்றன. ராஜ்மாவின் அட்டையில் 'வட இந்தியப் பயறு' என்று மட்டும் இருக்கிறது. தாவரவியலில் இரண்டும் ஒரே இனம். ஒன்றைப் பிஞ்சில் பறித்துக் காயாகச் சமைக்கிறோம், மற்றதை முற்றவிட்டுக் கொட்டையாகச் சமைக்கிறோம். முற்றிய சிவப்புக் கொட்டையில் உள்ள ஒரு புரதம், அரைவேக்காட்டில் சாப்பிடுகிறவர்களுக்குக் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கக்கூடியது. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். சிறு தீயில் நெடுநேரம் வைத்திருப்பது போதாது. குக்கரில் வைப்பதே நல்லது. மொச்சையைப் பழக்கத்தால் ஊறவைக்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது சொல்லாமலே கைவந்துவிடும். ராஜ்மாவைப் புதிதாக வாங்கும் இளையவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும், சொல்வதற்கு அந்த அட்டையைவிடச் சிறந்த இடம் வேறு இல்லை. நான் கேட்டபோது கடைக்காரப் பெரியவர், "ராத்திரியே ஊறப்போட்டுடுங்க, தண்ணிய மாத்திட்டு வேகவைங்க" என்று வாயால் சொன்னார். எழுதிவைத்தால் கேட்காதவர்களுக்கும் போய்ச்சேரும்.

டபுள் பீன்ஸ் என்ற பெயரில் விற்கப்படும் வெளுத்த பெரிய கொட்டை இதே கூட்டத்தில் இன்னொரு இனம். பெரு நாட்டின் லிமா நகரத்தின் பெயரை ஆங்கிலத்தில் தாங்கி நிற்பது அது. இக்கடையில் அது புதியதாகவே இருந்தது. தோல் உரியாமல், உருளைக்கிழங்கின் மாவுத்தன்மையோடு வெந்தது. சோயா பீன்ஸும் இருக்கிறது. அதன் முற்பாதி ஜப்பானியரின் 'ஷோயு' என்னும் குழம்புச் சாற்றின் பெயர் டச்சு வழியாகத் திரிந்து வந்தது, பிற்பாதி நாம் பார்த்த பௌனோ. சரக்கைப் பொறுத்தவரை சோயாவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

குறைகள் சிலவற்றையும் பதிவுசெய்ய வேண்டும். தட்டைப்பயறில் வண்டு விழுந்திருந்தது. மேலே நல்லதாகத் தெரிந்தாலும், கையை ஆழமாக விட்டு அள்ளியபோது துளைவிழுந்த பயறுகள் வந்தன. சொன்னவுடன் மறுபேச்சில்லாமல் வேறு சாக்கிலிருந்து மாற்றிக் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ரசீது கேட்டால்தான் தருகிறார்கள். படியில் அளப்பதா, தராசில் நிறுப்பதா என்பதில் ஒரே நிலைப்பாடு இல்லை. பச்சை மொச்சைக்குப் படி, பருப்புக்குத் தராசு என்று வழக்கம் வைத்திருக்கிறார்கள். குவித்து அளப்பதும் தலைதட்டி அளப்பதும் அளக்கிறவரைப் பொறுத்து மாறுகிறது. அட்டைகளில் சில ஈரத்தில் ஊறி மை பரவிப் படிக்க முடியாமல் ஆகிவிட்டன. விதைக்காக வாங்குவோருக்கு, எந்த ஆண்டின் அறுவடை என்று எழுதிவைக்காதது பெரிய குறை. பீன்ஸ் விதையில் குத்துச்செடி ரகமா, பந்தல் வேண்டிய கொடி ரகமா என்பதுகூட அட்டையில் இல்லை. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பீன்ஸ் அட்டையின் பிழையை எழுதியவரிடமே சொன்னேன். கோபப்படாமல் கேட்டுக்கொண்டு, "போஞ்சின்னா சொல்றாங்க?" என்று இரண்டு முறை கேட்டார். இன்னும் மாற்றி எழுதவில்லை. விலை, பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைகளைவிடச் சற்றுக் கூடுதல். துவரைக்கும் நாட்டுக் கொள்ளுக்கும் அந்தக் கூடுதல் தகும், உளுந்துக்குத் தகாது. பச்சை மொச்சையும் பிதுக்குப் பருப்பும் வேண்டுமானால் தை முடிவதற்குள் காலையில் போக வேண்டும்; ராஜ்மா வாங்குகிறவர்கள் எந்த அறுவடை என்று கேட்டு, புதியதாக இருந்தால் மட்டும் வாங்குவது நல்லது, ஏனெனில் பழைய கொட்டை எவ்வளவு ஊறினாலும் நடுவில் சுண்ணாம்பாகவே நிற்கிறது.